மருமகன் பத்துவது புகையில்லை

றிப்னாவின் வயிற்றை அளந்த நாடாவை மேசையில் எறிந்தேன். கிளினிக்கில் தாதி அப்படி எறியக் கூடாதுதான். ஆனால் போன தடவை இருந்த அளவிலேயே நின்றது வயிறு. பிள்ளை வளரவில்லை. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்து மையவாடிக்குப் போனது. இதுவாவது தங்க வேண்டும்.

"வீட்டில புகை ஆகாதெண்டு எத்தின தரம் சொன்ன நான்?"

றிப்னா வாய் திறக்கவில்லை. அவள் எப்போதும் வாயை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாள். எதைக் கேட்டாலும் அவளுடைய உம்மா றஹீமாதான் முந்துவார்.

"அல்லாஹ் அறிய மிஸ், எங்கட ஊட்டுக்க புகையெண்டு பேருக்கும் இல்ல."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஆனால் மகளின் அபாயாவில் சிகரெட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, எங்கள் துண்டுப்பிரசுரத்தை இன்னொரு முறை கையில் கொடுத்தேன். 'புகைத்தலையும் புகையையும் தவிர்ப்பீர்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. எங்கள் ஊரில் யார் புகைக்கிறார்கள்? இங்கே எல்லோரும் சிகரெட் பத்துகிறார்கள். அச்சடித்த பெரியவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

அவர்களுடைய வீடு கல்முனைக்குடியில் என் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில்தான். கிளினிக் முடிந்ததும் யூனிபோமைக்கூட மாற்றாமல் நேரே அங்கு போனேன்.

"வாங்க மிஸ், நீங்களே கண்ணால பாருங்க" என்று றஹீமா கூட்டிக்கொண்டு போனார். சாம்பிராணிச் சட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளிராவுக்குக்கூடப் போடுவதில்லையாம். விறகடுப்பை மூடிவிட்டு கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார். நுளம்புத்திரியைக் குப்பையில் போட்டுவிட்டு கட்டிலுக்கு வலை கட்டியிருந்தார். குப்பை கொளுத்திய பக்கத்து வீட்டாரோடு வேலிக்கு மேலால் கத்திச் சண்டை பிடித்து, இப்போது இரண்டு வீடும் கதைப்பதில்லை. இவ்வளவு செய்கிற மனுசியையா சந்தேகித்தோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

அறைக் கதவைத் திறந்ததும் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறை. கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்த மருமகன் றிம்சான் கட்டிலில் சாய்ந்து, போனைப் பார்த்தபடி சிகரெட் பத்திக்கொண்டிருந்தார். கால்மாட்டில் றிப்னா வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். றஹீமா எனக்கு முன்னால் போய், சாம்பல் நிறைந்த சோசரை எடுத்துவிட்டுக் கழுவிய ஒன்றை வைத்தார்.

"இது என்ன ராத்தா?"

"எது மிஸ்?"

"இந்தப் புகை!"

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "இது புகையில்லயே மிஸ். மருமகன் சிகரெட் பத்துறாரு."

சுவரில் தலையை மோதலாம் போலிருந்தது. றஹீமாவை விட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, நீங்க விடுற புகைய இவவும் இழுக்கிறா. அது ரெத்தத்தோட கலந்து புள்ளைக்குப் போகுது. புள்ள வளராமக் கிடக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "முந்தின புள்ளையும் இதாலயா?"

"அதுக்கு இதான் காரணமெண்டு சொல்ல எனக்கு ஏலா. இருந்திருக்கவும் கூடும்."

சிகரெட்டை நசுக்கி அணைத்தார். "ஏன் மாமி எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல?"

றஹீமா என் காதுக்குள் முணுமுணுத்தார். "ஊட்டுக்கு வந்த மருமகனுக்கு எப்படி மிஸ் வாய் தொறந்து சொல்ற? மனசு நொந்து உம்மாட ஊட்டுக்குப் பெய்த்தாரெண்டா?"

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருகிற ஊர் இது. அடுப்பை அணைக்கலாம், அயலோடு சண்டை பிடிக்கலாம், மருமகனிடம் மட்டும் கதைக்கக் கூடாது. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது.

"ஒரேயடியா விடுறதுதான் நல்லம் தம்பி. கிளினிக்குக்கு வாங்க, விடுறதுக்கு வழி சொல்லித் தாறம்."

"வாறன் மிஸ். அதுவரைக்கும் வெளியில பெய்த்துப் பத்துறன்" என்று முற்றத்துக்குப் போனார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் றஹீமா ஹோலில் இருந்த நல்ல கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மருமகன் வெயிலில் நிற்கலாமா? மாமர நிழலில், சரியாக அறை ஜன்னலுக்குக் கீழே கதிரையைப் போட்டார். திரும்பி வந்து ஜன்னலையும் திறந்துவிட்டார்.

"தனிச்சிப் பெய்த்தாரு பாவம். நீ இதால கதைச்சிக்கிட்டு இரு மகள்."

புதுப் புகை ஒன்று சுருண்டு உள்ளே வந்தது. எனக்குக் கத்தவும் தெம்பில்லை.

றிப்னா எழுந்தாள். ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

"என்னடி இது, மருமகன்ட மொகத்தில அடிச்சாப்போல!" றஹீமா ஜன்னலுக்கு ஓடினார்.

"தொறக்காதங்க உம்மா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை நடந்து போய் நின்றாள்.

"மச்சான்! அந்தக் கதிரயத் தூக்கிட்டுக் கேற்றுக்கு வெளியில போங்க! என்ட புள்ள மூச்சு விடோணும்!"

பக்கத்து வீட்டாரின் தலைகள் வேலிக்கு மேலால் எழும்பின. றஹீமா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். றிம்சான் கதிரையைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போனார்.

இத்தனை கிளினிக்குக்கு வந்தும் றிப்னாவின் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. அது அப்படியே உம்மாவின் குரல், வேலியைத் தாண்டிக் கேட்கிற குரல்.