கரையில் நின்ற மாப்பிள்ளை

சம்பந்தம் முடிவாகும் வரை பையன் வீட்டில் கை நனைக்கக் கூடாது. இது வழக்கம். வழக்கத்தை உண்டாக்கினவன் தாராவியிலிருந்து இருட்டோடு கிளம்பி, ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறி மலைக்குள் வந்து பார்த்திருக்க மாட்டான் என்று நாகராஜ் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

"ஒரு வாய் டீ கூடக் குடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அவன் அக்கா செண்பகவல்லி. வீட்டைப் பார்த்தோம், ஒத்து வராது என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்காகவே அவள் வந்திருந்தாள்.

ஒரு காலத்தில் இந்தப் பவர் ஹவுஸ் காலனியில் நூறு குடும்பம் இருந்ததாம். மாப்பிள்ளைப் பையன் தமிழ்செல்வனின் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து டர்பைன் ஃபிட்டராக வந்தவர்தான். பிறகு பட்டனைத் தட்டினால் கரண்டு வரும் என்றானதும் ஆட்கள் போனார்கள், குவார்ட்டர்ஸில் குரங்குகள் குடிவந்தன. இப்போது ஒரு கம்பெனி சுவருக்கெல்லாம் மஞ்சளடித்து, புல்லில் கூடாரம் போட்டு, மும்பைக்காரர்களிடம் காசை வாங்கிக்கொண்டு அவர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் தள்ளிவிடுகிறது. தள்ளிவிடும் வேலைக்குத் தமிழ்செல்வன் மேனேஜர்.

செண்பகவல்லியின் மகள் கோகிலவாணி ஆபீஸ் பிக்னிக்குக்கு வந்த இடத்தில் அவனைப் பார்த்தாள். அப்புறம் போனில் ஒரு போட்டோ வந்தது. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், தூக்கிப் பிடித்த துடுப்பு, பின்னால் நுரை பொங்கும் ஆறு. மகள் அதில் மயங்கினாள். தாய்க்கு அதைப் பார்த்த அன்றே தூக்கம் போயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. கோகிலாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது மும்பையில் அந்தப் பெருமழை வந்தது. செண்பகவல்லியின் புருஷன், தாமிரபரணியில் நீச்சல் பழகியவன், கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி மூன்று பேரை இழுத்துப் போட்டான். நாலாவது ஆளுக்காகப் போனவன் திரும்பவில்லை. "நீச்சல் தெரியாதவன் கரையில நிப்பான். தெரிஞ்சவன்தான் போய்ச் சேருவான்" என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறாள்.

பையனின் அம்மா சுப்புலக்ஷ்மி வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க மயினி. கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன்." நாகராஜ் அக்காவைப் பார்த்தான். அக்கா ஆற்றைப் பார்த்தாள்.

அப்போது மலை அதிர ஒரு சைரன் ஊளையிட்டது. செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"பயப்படாதீங்க அத்தை. பவர் ஹவுஸ்ல தண்ணி தொறக்காங்க. இனிதான் படகு போகும்" என்று தமிழ்செல்வன் அவர்களைக் கீழே அழைத்துப் போனான்.

ஆறு கண்ணெதிரே ஏறியது. படகில் எட்டுப் பேர் ஏறினார்கள். துடுப்போடு வெங்கடேஷ் என்ற பையன் முன்னால் உட்கார்ந்தான். தமிழ்செல்வன் ஒவ்வொருவரின் பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கச் சொல்லிக் கத்தினான். ஆனால் கத்தியதெல்லாம் தூரத்துப் பாறைமேல் நின்றுகொண்டுதான். தண்ணீர் ஒரு அடி ஏறினால் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

"நீங்க ஏறலையா மாப்ளே?" என்றான் நாகராஜ். அதற்குள் என்ன மாப்பிள்ளை என்று அக்கா முறைத்தாள்.

"கால் கொஞ்சம் சுளுக்கு…"

"அவனா?" சுப்புலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "வாளித் தண்ணியைத் தவிர வேற தண்ணியத் தொட மாட்டான். சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தமிழ்செல்வன் முகம் செத்துப்போயிற்று.

"நெசமாவா?" என்றாள் செண்பகவல்லி.

"ஆமா அத்தை. முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா நடுங்கிரும். அந்தப் போட்டோ கரையில நின்னு எடுத்தது. கோகிலாட்ட சொல்லிராதீங்க."

"யாராச்சும் விழுந்தா?"

"வெங்கடேஷ் குதிப்பான். நான் கயிறு எறிவேன்."

"கரையில நின்னா?"

"கரையில நின்னுதான், அத்தை." குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். பெண் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பெருமை பேசியிருக்கிறார்கள். ஒருத்தன்கூட அவளுக்கு வேண்டியதைச் சொன்னதில்லை.

"என் வயித்துல பால வார்த்தீங்க மாப்ளே" என்றாள். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? ஒரு மாசமா நான் தூங்கல."

அவன் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தான்.

படகு வளைவைத் தாண்டி மறைந்தது. செண்பகவல்லி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "மயினி, இலையப் போடுங்க. பசி கொல்லுது."

நாகராஜ் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தான்.