சுந்தரராமன் மணைல உக்காந்த கதை

கார்த்தால ஒம்பது மணி. மயிலாப்பூர்ல மாடவீதிக்குப் பின்னாடி ஒரு சந்து, அதுல ஓட்டு வீடா ஒரு ஆம். கணக்கு வாத்தியார் சுந்தரராமன் பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிட வந்தார். மத்தவாள்லாம் தரையில மணைப்பலகை போட்டுண்டு சாப்பிடுவா. அவருக்கு மட்டும் கூடத்துல நாற்காலி, முன்னாடி ஒரு முக்காலி, அதுமேல இலை. ஏன்னா ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்கு. மடக்கினா 'கடக்'னு சத்தம் வரும். தரையில உக்காந்துட்டாரோ, எழுப்ப ரெண்டு பேர் வேணும்.

இலைல சாதம், மிளகு ரசம், சுட்ட அப்பளம். அவ்வளவுதான்.

"கோமளம், நேத்திக்கும் இதேதானே?"

"நாளைக்கும் இதேதான். சுவத்தைப் பாருங்கோ!" அப்டின்னா ஆத்துக்காரி கோமளம்.

கூடத்துச் சுவத்துல கரியால ஒரு பட்டியல். வாழைக்காய், உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், துவரம்பருப்பு, மொச்சை, கீரை, எள்ளு, தயிர்னு அது பாட்டுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் போறது. எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான், வாய்வு! முட்டி வலின்னு கேள்விப்பட்டு யார் பார்க்க வந்தாலும், காப்பியைக் குடிச்சுட்டு ஒரு பதார்த்தத்தை நிறுத்திட்டுப் போவா. எதிராத்து மாமா துவரம்பருப்பை நிறுத்தினார். தபால்காரர் வாசல்ல நின்னபடியே தயிரை நிறுத்தினார். கோமளமும் பாவம், யார் மனசும் நோகக் கூடாதுன்னு எல்லாத்தையும் எழுதிண்டே வந்தா. இதைச் சேர்த்துக்கோன்னு ஒருத்தராவது சொன்னாளோ? கெடையாது. ரெண்டு வருஷத்துல சுவர் நெறஞ்சுது, இலை காலியாச்சு.

அப்போ வயிறு எதால நெறையும்? வெறும் சாதத்தால. மூணு வேளையும் சாதம், நாளைக்கு அஞ்சு டம்ளர் காப்பி, நெறைய சக்கரை. அது போறாதுன்னு மந்தைவெளிலேர்ந்து அவரோட அக்கா கற்பகம் தூக்கு நெறைய முறுக்கும் அதிரசமும் கொண்டு வருவா. எண்ணெயில பொரிச்சா வாய்வு ஓடிப் போயிடும்கறது அவளோட சித்தாந்தம். வலிக்கறதேன்னு நடக்கறதையும் விட்டுட்டார், ரெண்டு தெரு தள்ளி இருக்கற பள்ளிக்கூடத்துக்கே ரிக்‌ஷா. தொந்தி வளர்ந்துது, தொடை இளைச்சுது.

அன்னிக்கு கற்பகம் வந்தப்போ பேச்செல்லாம் கல்யாணத்தைப் பத்தி. வாத்தியாரோட ஒரே பொண்ணு ஜானுவுக்கு பதினெட்டு வயசு, ஆவணியில முகூர்த்தம். 1935ஆம் வருஷம், பார்த்துக்கோங்கோ. பதினாலு வயசுக்கு முன்னாடி பொண்ணைக் குடுக்கப்படாதுன்னு சட்டம் வந்து அஞ்சு வருஷம்தான் ஆறது. அதுக்கும் முன்னாடியே, ஜானு பத்து வயசா இருக்கறச்சேயே, இவர் ஊரோட சண்டை போட்டு நின்னார். 'படிச்சு முடிக்கட்டும், அப்புறம்தான் கல்யாணம்'னு ஒரே பிடியா இருந்தார். அவர் தம்பி ரகுபதி அப்படியில்லை, ரெண்டு பொண்களையும் ஒம்பது வயசுலயே குடுத்தாச்சு.

"கன்னிகாதானத்துக்கு என்னடா பண்ணப் போறே, சுந்து?" கற்பகம் ஆரம்பிச்சா. நம்மாத்துக் கல்யாணத்துல பொண்ணோட அப்பா மணைல சம்மணம் போட்டு உக்காந்து, பொண்ணை மடியில வெச்சுக்கணும். அப்போதானே மாப்பிள்ளை தாலி கட்டுவார்!

"நாற்காலில உக்காந்துக்கறேனே."

"நாற்காலியா? சாஸ்திரிகளை நானே கேட்டாச்சு. முடியவே முடியாதாம். ரகுபதி உக்காரட்டும்கறார்."

சுந்தரராமன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. எந்தத் தம்பி இவரை ஊர் முழுக்கப் பரிகாசம் பண்ணினானோ, அவன் மடியிலயா ஜானு உக்காரணும்?

கற்பகம் விடலை. "எட்டு வயசுல குடுத்திருந்தா பூ மாதிரி இருந்திருப்பா, மடி தாங்கியிருக்கும். இந்த வலியே அதுக்குத்தான். பொண்ணை பதினெட்டு வயசு வரைக்கும் ஆத்துல வெச்சுண்ட பாவம், முட்டியில வந்து உக்காந்துண்டிருக்கு."

"பாவமா? இதோ பாரு!" அப்டின்னு ஆவேசமா எழுந்து, அந்த மனுஷர் பொத்துனு தரையில உக்காந்துட்டார்.

உக்காந்தவர் உக்காந்தவர்தான். எழுந்துக்க முடியலை. 'ஐயோ அம்மா'ன்னு அலறறார். ஜானு ஒரு பக்கம் தூக்கறா, கற்பகம் இன்னொரு பக்கம் தூக்கறா, நகருவேனாங்கறார். கோமளம் செருப்பைக்கூடப் போட்டுக்காம லஸ் மூலைக்கு ஓடி, எல்.எம்.பி. படிச்ச டாக்டர் கரீமுல்லாவைக் கையோட அழைச்சுண்டு வந்தா.

டாக்டர் வாசப்படி ஏறும்போதே சிரிச்சார். "இன்னா அய்யரே, தரையோட சண்டையா?"

முட்டியைத் தொட்டு, அழுத்தி, மடக்கிப் பார்த்தார். கேள்விமேல கேள்வி. ஜுரம் வருதா? கால் கட்டை விரல் செவந்து வீங்குதா? காலைல எழுந்தா கைவிரல் மடங்காம ஒரு மணி நேரம் வெறைச்சுக்கினு இருக்கா? எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னார் வாத்தியார்.

"அப்ப நல்லதுதான். மூட்டுவலின்னா ஒண்ணு இல்ல அய்யரே, பல தினுசு கீது. ஒடம்பே மூட்டைத் தாக்கறது ஒரு தினுசு, ரத்தத்துல உப்பு சேர்ந்து வர்றது ஒரு தினுசு. உங்களுது தேய்மானம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். வயசாக ஆக அது தேயும். மேல பாரம் ஏற ஏற இன்னும் சீக்கிரம் தேயும்."

"வாய்வு இல்லையா?" கோமளம் கேட்டா.

"வாய்வு வயித்துல இருக்கும் தாயே. முட்டிக்குப் போக அதுக்கு வழி ஏது?"

அப்போதான் டாக்டர் கண்ணுல அந்தச் சுவர் பட்டுது. கிட்டப் போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுண்டு, மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சார். "இது இன்னா, மளிகைக்கடைப் பட்டியலா?"

"இல்லை. அதெல்லாம் அவர் சாப்பிடக் கூடாதது."

"அடக் கடவுளே!" டாக்டர் தலையில கை வெச்சுண்டார். "தாயே, பருப்பும் தயிரும் இல்லாம சதை எப்படிப் பிடிக்கும்? எள்ளும் கீரையும் இல்லாம எலும்புக்கு வலு எங்கேர்ந்து வரும்? தொடையைப் பாருங்க, குச்சியாட்டம் கீது. தொடைதான் முட்டியைத் தாங்கற தூண். தூணை இளைக்க விட்டு, மேல தொந்தியை ஏத்தி வெச்சிருக்கீங்களே!"

"என் தம்பி மணைல உக்காருவானா?" கற்பகம் குறுக்க கேட்டா. "ஆவணியில கல்யாணம்."

"தேய்ஞ்சதை நான் திருப்பித் தர முடியாதும்மா. ஆனா தூணை நிமித்தலாம். அஞ்சு மாசம் இருக்கு, அவர் பாடுபட்டா உக்காருவார்."

அன்னிக்கே சாப்பாடு மாறிப் போச்சு. சாதம் பாதி. காப்பி ரெண்டே வேளை, சக்கரை பேருக்கு. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் தடா. தினம் பருப்பும் தயிரும், முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி. மஞ்சளும் இஞ்சியும் சமையல்ல தாராளமா. வாரத்துல ரெண்டு நாள், வேலியில படர்ற முடக்கத்தான் கீரையை அரிசியோட அரைச்சு தோசை. டாக்டர் அப்பவே கண்டிப்பா சொல்லிட்டார், "வலிக்கு இதமா இருக்கும்னு அந்தக் காலத்துலேர்ந்து சாப்பிடறாங்க, சாப்பிடுங்க. ஆனா கீரையைத் தின்னுட்டு நாற்காலியிலயே குந்தியிருந்தா ஒண்ணும் ஆவாது. காலைல வெயில்ல நடக்கணும். உக்காந்தபடி காலை நீட்டித் தூக்கித் தூக்கி இறக்கணும்."

கோமளம் ஈரத்துணியை எடுத்துண்டு வந்து சுவத்தைத் தொடைச்சா. ஒரு வாளித் தண்ணி கருப்பாப் போச்சு!

மொத நாள் கோவில் குளத்தோட ஒரு பக்கம்தான் நடந்தார். வைகாசியில முழுக் குளத்தையும் சுத்தி வந்தார். ரிக்‌ஷாக்காரன் ரங்கனுக்கு ஒரே வருத்தம். "இன்னா சாமி, நம்ம வண்டிமேல கோவமா?"ன்னான். "இல்லைடா, என் தொந்திமேல"ன்னு சொல்லிண்டே நடந்து போனார்.

மணைக்கு யோசனை ஜானுவோடது. ஏழு மணையை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி அப்பாவை உக்காரச் சொன்னா. உக்காந்து, கையை ஊனாம எழுந்துக்கணும். அது பழகினப்புறம் ஒரு மணையை உருவுவா. இப்படியே ஆனி கடைசியில மூணு மணைக்கு வந்தாச்சு. வாத்தியாருக்கு ஒரே குஷி. ஒரு நாள் யாருக்கும் சொல்லாம எல்லாத்தையும் தள்ளிட்டு, ஒத்தை மணைல உக்காந்து பார்த்தார். முட்டி பூசணிக்காயாட்டம் வீங்கிடுத்து.

"நான் அப்பவே சொன்னேனே, பாவம்னு!" கற்பகம் முகவாய்ல இடிச்சுண்டா.

சுந்தரராமன் பேனாவை எடுத்து தம்பிக்கு லெட்டர் எழுதினார், 'மணைல நீயே உக்காந்துடு'ன்னு. தபால்ல போடச் சொல்லி ஜானுகிட்ட குடுத்தார். அவ படிச்சா. நாலாக் கிழிச்சா.

"ஏண்டி கிழிக்கறே? என்னால உன்னைத் தாங்க முடியலைடி."

"எனக்குப் பத்து வயசுல ஊரே வாசல்ல நின்னு கத்தித்தே, அன்னிக்குத் தாங்கினேளோ இல்லையோ? அப்போ விடலை, இப்போ மட்டும் விட்டுடுவேளா? வெந்நீர் ஒத்தடம் குடுக்கறேன். வீக்கம் வடிஞ்சதும் அஞ்சு மணைலேர்ந்து திருப்பி ஆரம்பிப்போம். இந்தத் தடவை அவசரப்படாதீங்கோ, கணக்கு வாத்தியார் படியைத் தாண்டிக் கணக்குப் போடலாமோ?"

அவருக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணுல ஜலமும் வந்துது.

அப்புறம் ஆடி பூரா ஒவ்வொரு மணையா எடுத்தா. ஒரு மணைக்கு வந்தப்புறம் மடியில அரிசி மூட்டையை வெச்சுண்டு உக்காந்தார். மொதல்ல கால் மூட்டை, அப்புறம் அரை மூட்டை. கோமளம் கை தட்டுவா.

ஆவணியும் வந்துது. பந்தல்ல கூட்டம் பொங்கி வழியறது. ரகுபதி பஞ்சகச்சத்தைக் கட்டிண்டு, எப்போ கூப்பிடுவாளோன்னு தயாரா நிக்கறான். சாஸ்திரிகள் மணையைக் காட்டினார். சுந்தரராமன் மெதுவா வந்தார். குனிஞ்சார். சம்மணம் போட்டு, நன்னா உக்காந்தார். முட்டி 'கடக்'னுதான் சொல்லித்து, ஆனா சொன்ன பேச்சைக் கேட்டுது! ஜானு கூறைப்புடவையோட வந்து மடியில உக்காந்தா. "பாரமா இருக்கேனாப்பா?"ன்னு காதுல கேட்டா. "அரிசி மூட்டையே தேவலை"ன்னார். அவ குலுங்கிச் சிரிக்கறச்சேயே கெட்டிமேளம் முழங்கித்து, தாலி ஏறிடுத்து.

இனிமேதான் பெரிய சோதனை. எழுந்துக்கணுமே! கற்பகம் ஓடி வந்து கையை நீட்டினா. அவர் பிடிச்சுக்கலை. முன்னால சாஞ்சார், ஒரு காலை ஊனினார், தொடையில பலத்தைக் குடுத்தார், நிமிர்ந்து நின்னுட்டார். ஓரத்துல நாற்காலில இருந்த டாக்டர் கரீமுல்லா எழுந்து, "சபாஷ் அய்யரே!"ன்னு கத்தினார். பந்தல் முழுக்கக் கை தட்டல்.

ரகுபதி அசடு வழிய வந்து, "எல்லாம் போன ஜென்மத்துப் புண்ணியம் அண்ணா"ன்னான்.

கற்பகம் சடார்னு திரும்பினா. "புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லைடா! பாவம்னு சொன்னது நான்தான். என் தம்பி வலியில துடிக்கறச்சே மருந்து கேக்காம அவன்மேல பழி போட்டேன். போறாததுக்கு அதிரசமும் போட்டேன். தப்புதான். எல்லாரும் கேட்டுக்கோங்கோ. வலின்னு ஒருத்தர் சொன்னா, அது எதனாலன்னு தெரிஞ்சவாகிட்ட காட்டிக் கேளுங்கோ. வாய்க்கு வந்தபடி பத்தியம் சொல்லிப் பட்டினி போடாதீங்கோ. சத்தா சாப்பிடட்டும், அளவா சாப்பிடட்டும், தினம் நடக்கட்டும். வியாதி வந்தவா குத்தவாளி இல்லை, புரிஞ்சுதா?"