சரிவில் ஒரு கிண்ணம் டீ

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பனிச்சரிவில் இறங்கிய ஒரு வண்டியின் பின்சீட்டில், நான் ஓர் ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பிறந்த கதை இது. எழுதிப் பழக்கமில்லை. நாரின் என்கிற மலையூரில் வண்டி உதிரிப் பாகம் விற்கிறவன் நான்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெள்ளிப் போர்வை போர்த்திய மலைகளின் மடியில்..."

அழித்துவிட்டேன். மலை எதையும் போர்த்தவில்லை. கண்ணாடியாக உறைந்து, யார் விழப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

என் அண்ணன் மகன் கனிமெத்துக்குப் பெண் கேட்டு, சீராக ஓர் ஆட்டோடு, மேலே கணவாயில் இருக்கும் ஒஸ்மோன்குல் வீட்டுக்குப் போனோம். முப்பது வருடம் அந்தக் கணவாயில் லாரி ஓட்டியவர். ஆட்டைப் பார்க்கவில்லை, இறக்கவும் விடவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"நாலு சக்கரமும் இழுக்கும், மாமா," என்றான் கனிமெத்.

"இழுக்கும். நிறுத்துமா? ப்ரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான்டா இருக்கு."

டீக்கிண்ணத்தோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிரப்ப மாட்டார்கள்; நிரப்பினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். இது தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

"கீழ சந்தை வரைக்கும் இறக்கு. ஒரு சொட்டு சிந்துச்சு, என் பொண்ணு புருலாய் உனக்குக் கிடையாது."

3.
(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மனுஷன் இவ்வளவு கெட்டவரா? நல்லவராக்கி ஒருதடவை எழுதிப் பார்த்தேன். கதை தூங்கிவிட்டது. மறுபடி கெட்டவராக்கிவிட்டேன்.)

கனிமெத் முதல் கியரில் போட்டான். ப்ரேக்கைத் தொடவேயில்லை, எஞ்சினே பிடித்துப் பிடித்து இறக்கியது. ஒரு நாய் நடந்தே எங்களை முந்தியது.

"இது வண்டியா, கட்டிலா?"

"மெதுவா போனாதான் மாமா பொண்ணு கிடைக்கும்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது."

4.
நடு வளைவில் கல்லறைத் தோட்டம். அதைத் தாண்டும்போது, இறந்தவர்களுக்கு மரியாதையாக இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவி "ஓமின்" சொல்வோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாக எழும். ஒஸ்மோன்குலின் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

ஸ்டியரிங்கை விட்டால் பள்ளம். விடாவிட்டால் வருங்கால மாமனாரின் அப்பாவுக்கு அவமரியாதை.

முடிவு அ: கனிமெத் கையை எடுத்தான், வண்டி அப்படியே... (வேண்டாம். அண்ணிக்கு யார் பதில் சொல்வது?)

முடிவு ஆ: பெரியவரின் அப்பா எழுந்து வந்து வண்டியைத் தாங்கி... (ஆடுகூட நம்பாது.)

நடந்தது இதுதான். "ஓமின்!" என்று குரல்கள். உடனே "ஐயோ!" நான் கண்ணைத் திறந்தபோது கனிமெத்தின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ஒஸ்மோன்குலின் இரண்டு கையும் முகத்தில். கிண்ணம் மடியில் கவிழ்ந்து கிடந்தது. தாடி முழுக்க டீ.

5.
சந்தையில் இறங்கினோம்.

"வண்டி குலுங்குச்சு," என்றார் பெரியவர்.

"நீங்க கையைத் தூக்கினீங்க, மாமா."

"நீ ஏன்டா தூக்கல? எங்கப்பாவுக்கு மரியாதை கிடையாதா?"

"வாயால சொன்னேனே. அவரு மகனை உயிரோட இறக்கணும்ல?"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நீ சொல்லு. குலுங்குச்சா, இல்லையா?"

நான் என்ன சொல்ல? ஆட்டின் காதையே விட்டுவிட்டு நானும் முகத்தை மூடியிருந்தேன். பின்சீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது ஆடு மட்டும்தான்.

நீங்கள் முதல் வரியிலிருந்து கூடவே வந்தவர்கள். உங்கள் கை இந்தத் தாளில்தான் இருந்தது, முகத்துக்குப் போகவில்லை. பெண் உண்டா, இல்லையா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் தாடியில் டீ உறைய ஆரம்பித்துவிட்டது.