பதினோரு ஆணிகள்

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவதுதான் எங்கள் சந்தின் தொழில். சந்துக் கோடியில் ஒன்பது கொட்டகை. என் மகளுக்கு ஐந்து வயது. அவள் ரத்தத்தில் ஈயம் முப்பத்தெட்டு என்றார் சுகாதார நிலையத்து நர்ஸம்மா. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம்.

நர்ஸம்மா வந்த புதிதில் யாரும் கதவைத் திறக்கவில்லை. "எங்கப்பன் இதே புகையத் தின்னுதான் எழுபது வயசு இருந்தான்" என்று பக்கத்து வீட்டு அக்கா விரட்டினாள். நர்ஸம்மா சண்டை போடவில்லை. தொழிலை விடு என்றும் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து வரும் ஆம்பளை, பிள்ளையைத் தூக்குமுன் ஈயத்தூள் ஒட்டிய சட்டையைக் கழற்றி வாசலில் மாட்டட்டும் என்றார். அவ்வளவுதான். ஆணியும் அவரே கொடுத்தார். ஓர் ஆணியை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாலு மாதத்தில் பதினோரு வாசலில் சட்டை தொங்கியது. ஒருநாள் அக்காவே, "ஏன்டி, அந்த ரத்தம் எடுக்குற ஊசி ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள்.

"இப்பதான் உலை கொதிக்குது. அவசரப்பட்டுத் தீயக் கூட்டிடாத" என்றார் நர்ஸம்மா என்னிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டகைகளை மூடச் சொல்லி யாருக்கும் தெரியாமல் மனு கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். பத்து நிமிடம் பேசினார், ஒன்பது கொட்டகைக்கும் சீல் வைத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

"வேற இடம் குடுத்துட்டு மூடுங்க சார். இல்லேன்னா வீட்டுக்குள்ள வந்துடும்" என்று நர்ஸம்மா கெஞ்சினார்.

"நாலு மாசமா நீங்க ஆணிதான் அடிச்சீங்க. நான் ஒரே நாள்ல முடிச்சிட்டேன்."

அடுத்த வாரம் நர்ஸம்மாவுக்கு மாற்றல்.

ஈயம் வீட்டுக்குள் வந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, சோறு பொங்கும் அடுப்பிலேயே உருக்கினார்கள். வேலையே வீட்டுக்குள் என்றால் சட்டையை எங்கே போய் மாட்டுவது? ஆணிகள் துருப்பிடித்தன. "உன் நர்ஸம்மாதான் காட்டிக் குடுத்தா" என்று அக்கா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். மனு கொடுத்தது நான் என்று சொல்லாமலே திரும்பி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மகளைச் சோதித்தார்கள். நாற்பத்தாறு.

என் புருஷன் ஈயம் உருக்கும் சட்டியைச் சாக்கில் சுற்றி, அதிகாரி அறைக்குத் தூக்கிப் போனேன். அடியில் ஈயம் உறைந்திருந்தது. கோப்புகளின் மேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"எங்க அடுப்புல இருந்தது. இதுக்கும் சீல் வைங்க."

பேனாவால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"கொட்டகையத் தொறங்க. நர்ஸம்மாவத் திருப்பி அனுப்புங்க."

"மூடச் சொல்லி மனு குடுத்தவளே நீதானம்மா."

"ஆமா, புத்தி கெட்டுப்போய்க் குடுத்தேன். படிச்ச உங்களுக்கு எங்க போச்சு புத்தி? தெருக்கோடில கெடந்த பாம்ப வீட்டுக்குள்ள வெரட்டிட்டு, தெரு சுத்தம்னு எழுதி வச்சிருக்கீங்க."

"அந்தச் சந்துல இப்ப ஈயமே இல்லைன்னு அறிக்கை போயிடுச்சு" என்றார், மேசைமேல் இருந்த ஈயத்தைப் பார்த்துக்கொண்டே.

சட்டியை அங்கேயே விட்டு வந்தேன்.

வீட்டில் புருஷன் வேறு சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேன்.

"வெளிய கொண்டுபோய் உருக்குய்யா."

"வெளிய வச்சா புடிச்சிட்டுப் போவான்டி."

"புடிக்கட்டும். அவன் மேசைல ஒண்ணு இருக்கு, இது சோடி."

"தொழில விட்டுடுன்னு சொல்றியா?"

ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"விடச் சொல்லல. சட்டையக் கழட்டு."

முறைத்தான். மகளைப் பார்த்தான். கழற்றி வாசலில் மாட்டிவிட்டுச் சட்டியைச் சந்துக்கோடிக்குத் தூக்கிப் போனான். அக்காவின் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"என்னடி, உன் நர்ஸம்மா போயும் ஆணிக் கூத்தா?"

"காட்டிக் குடுத்தது அவங்க இல்லக்கா. நான்."

அவள் காறித் துப்பினாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

பாவி நான், பதினோரு சட்டைவரை எண்ணியிருந்தேன். இனி மறுபடி ஒன்றிலிருந்து.