மேஸ்திரி தட்டிப் பார்த்த மரம்

தம்பி நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மர அறுவை மில்லிலிருந்து நாலைந்து பேர் அக்கா வீட்டுக் கூடத்துக்குள் வந்தார்கள். கூடத்து நடுவில் அக்கா கணவரின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. அவர் அந்த மில்லில் இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரி. நேற்று மதியம் தம்பி வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியவர்மேல் மாமரக் கிளை முறிந்து விழுந்துவிட்டது.

"முறிஞ்ச இடத்தைப் பாத்துட்டுத்தான் வர்றோம்," என்றார் வந்தவர்களில் மூத்தவர். "உள்ள பூரா சல்லடை. விரல் நீளத்துக்குப் புழு. துளைப்பான் வண்டோட குஞ்சு. ரெண்டு மூணு வருஷமாத் தின்னிருக்கு."

"மேஸ்திரி தட்டிப் பாத்தே சொல்லிடுவாரே," என்றான் பக்கத்திலிருந்தவன். "மச்சினன் வீட்டு மரம் எப்படித் தப்புச்சு?"

"வயசாயிடுச்சுல்ல. கண்ணு மங்கியிருக்கும்."

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையாடா?"

நாக்கு முந்திக்கொண்டது. "இல்லக்கா."

சொல்லியிருந்தார். போன மாசம், மரத்தடியில் கொட்டிக் கிடந்த தூளை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார். பட்டையில் உட்கார்ந்திருந்த வண்டையும் காட்டினார். உடம்பைவிட மீசை நீளம் அதற்கு. "இது வெளிய வந்துடுச்சுன்னா உள்ள சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம் மாப்ள. அந்தக் கிளையை இறக்கிடு."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் அறுக்கணும் மாமா," என்று தம்பி சிரித்தான். நிழல் போனால் கார் வெயிலில் நிற்குமே என்பதுதான் அவன் கவலை. அப்புறம் இரண்டு தடவை போனில் கேட்டார். கிளையை வெட்ட ஆள் சொல்லியிருப்பதாகப் புளுகினான். ஆள் வந்தானா என்று பார்க்கத்தான் நேற்று அவர் வந்ததே.

அக்கா கணவர் பக்கம் குனிந்தாள். "மரத்தோடவே கிடந்தீங்களே, உங்களுக்கே தெரியாமப் போச்சா?"

மில்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். தம்பி கையிலிருந்த நாற்காலியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"சொன்னாருக்கா," என்றான். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "மூணு தடவை சொன்னாரு. நான்தான் வெட்டல."

அக்கா அவனைத் திட்டவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. மில்காரர்களைத்தான் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல? அவர் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு கணவரின் சட்டைக் காலர் மடங்கிக் கிடந்ததை நிமிர்த்திவிட்டாள். அது திரும்ப மடங்கியது. மறுபடியும் நிமிர்த்தினாள்.