முந்நூற்று எண்பத்து நான்கு பதில்கள்

டில்லி ஜனக்புரியில் தொண்ணூற்றாறு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. காலை ஆறு மணிக்கு வரும் தண்ணீரை ஐந்துக்கே விடலாம் என்றார் செயலாளர் ஹரிஷங்கர். ராமமூர்த்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் தண்ணீர் பிடிப்பது அவர் வேலை. ஐந்து மணி என்றால் ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு.

சர்வே எடுக்காமல் முடிவு செய்யக்கூடாது என்று அடித்துச் சொன்னார். புள்ளியியல் துறையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர், யாரும் மறுக்கவில்லை. சூத்திரம் போட்டதில் முந்நூற்று எண்பத்து நாலு பேரைக் கேட்க வேண்டும் என்று வந்தது. அது லட்சக்கணக்கான ஜனங்களுக்கான எண், சின்ன இடத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சாம்பிளைக் குறைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"இருக்கறதே தொண்ணூத்தாறு வீடு சார். எல்லாரையும் ஒரு தடவை கேட்டுட்டா முடிஞ்சுது" என்றார் ஹரிஷங்கர்.

"அது சென்சஸ். நான் சாம்பிள் பிரிவு."

ஆகவே வீட்டுக்கு நாலு தரம். வகுத்ததில் மீதி வரவில்லை என்பதே அவருக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் காலை ஆறு மணிதான். குழாயில் தண்ணீர் வரும்போது வாசலில் ராமமூர்த்தியும் வருவார். முதல் சுற்றில் பெரும்பாலோர் ஆறே போதும் என்றார்கள். இரண்டாம் சுற்றில், பாதி நிறைந்த குடத்தை விட்டு வந்து கதவைத் திறக்கும்போதே முகம் சுளித்தார்கள். மூன்றாம் சுற்றில் மாடி சர்தார்ஜி, 'ஐந்து மணி' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டுவிட்டார். நாற்பத்திரண்டாம் எண் வீட்டுக் கிளி, அவர் தலையைக் கண்டதும் "பாஞ்ச் பஜே" என்று ஹிந்தியில் ஐந்து மணி சொன்னது. கிளியின் பதிலை அவர் சேர்க்கவில்லை. குடும்ப அட்டையில் அதன் பெயர் இல்லை.

நாலாம் சுற்றில் கடைசி வீடு அவருடையது. மனைவி விசாலாக்ஷி குடமும் கையுமாக நின்றாள்.

"ஐந்தா, ஆறா?"

"அஞ்சு."

"நீயுமா?"

"ஆறு மணிக்கு நீங்க ஊரைக் கேக்கப் போயிடறேள். தண்ணி யார் பிடிக்கறா? அஞ்சுக்கு வந்தா பிடிச்சு வெச்சுட்டுப் போங்கோ."

ஆறு மணிக்கு நூற்று நாற்பது, ஐந்து மணிக்கு இருநூற்று நாற்பத்து நாலு. பிழை வரம்பு ஐந்து சதவீதத்துக்குள் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹரிஷங்கரிடம் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து, அலாரத்தை நாலே முக்காலுக்குத் திருகி வைத்தார்.