ஸ்மார்ட் போர்டில் அப்பாவின் பெயர்

எங்கள் சபையில் யார் எதைக் கொடுத்தாலும் அதில் பெயர் இருக்கும். பெஞ்சில் இருக்கும், பிரசங்க மேடையில் இருக்கும், மின்விசிறியின் இறக்கையிலும் இருக்கும். ஆகவே, பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சபைப் பள்ளிக்கு நான் ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தபோது, ‘ஆசிரியர் யோசுவா நினைவாக’ என்று பித்தளைத் தகடு செய்து அதன் சட்டத்தின் கீழ்விளிம்பில் திருகாணி போட்டுப் பொருத்தச் செய்தேன். அப்பா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். பெயர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத் தகடு சட்டத்தைத் தாண்டி, திரையின் மேல் விரலகலம் எழும்பி நின்றது.

ஒன்றுவிட்ட தம்பி ஜெயதாஸ் அன்றைக்கே சிரித்தான். சபைக் கமிட்டிச் செயலாளர் அவன்தான்.

“ஃபேன் ஓடினா பேரு தெரியாது. பேரு தெரியணும்னா ஃபேன் ஓடப்பிடாது. இதுக்க கதை என்னவோ, அண்ணே.”

பதில் சொல்லும் தரத்தில் அந்தப் பேச்சு இல்லை. விட்டுவிட்டேன்.

அந்த ஆறாம் வகுப்பின் ஆசிரியை என் மருமகள் சினி. படம் ஓட்டிக் காட்ட டி.வி. போதும், பிள்ளைகள் எழுந்து வந்து கை வைத்துச் செய்தால்தான் ஸ்மார்ட் போர்டுக்குப் பலன் என்பது அவள் கட்சி. ஆனால் வந்த நாளிலிருந்தே அது பிள்ளைகளின் கைக்கு அடங்கவில்லை. ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் கோடு விழுந்தது. யோசுவா வாத்தியார் வீட்டு மருமகளுக்குப் போர்டு கையாளத் தெரியாது என்ற பேச்சு அமரவிளை சந்தி வரை போய்விட்டது. போர்டைச் சபை மண்டபத்துக்குக் கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டு வரிகளாவது காட்டலாம் என்றான் ஜெயதாஸ். பெற்றோர் முன்னால் சினி ஒரு வகுப்பு எடுக்கட்டும், சரிவராவிட்டால் கழற்றிக்கொள்ளலாம் என்று கமிட்டி தீர்மானித்தது.

அந்த வாரம் சினி வீட்டில் என்னிடம் வந்து, தகட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாமா என்று தொடங்கினாள். அப்பாவின் பெயரை இறக்குகிற பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

வகுப்பன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் வரைபடத்தைச் சினி போர்டில் விரித்திருந்தாள். ஓரத்தில் ஊர்ப் பெயர்கள் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் விரலால் இழுத்து அந்தந்த ஊரை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். மேல்பாதியில் போர்டு ஓரளவு சொன்னபடி கேட்கும் என்று நம்பி, பெயர்களை மேலேயே வைத்திருந்தாள். ஆனால் பிள்ளைகளுக்கு எட்டுவது கீழ்ப்பாதிதானே. பெயர்களைக் கீழே இறக்கித் தர வேண்டியதாயிற்று. ரெஜிலா என்ற சின்னப் பெண் அமரவிளையைத் தொட்டாள். அது துள்ளிக் கடலில் போய் விழுந்தது.

“டீச்சரே, அமரவிளை முங்கிப் போச்சு” என்றாள் அவள்.

பெற்றோர் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் முயன்றார்கள். குளத்தூர் மலையேறியது. எனக்குப் பின்னாலிருந்து ஜெயதாஸ், மருமகளுக்கு சாக்பீஸ்தான் சரிப்படும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

நான் எழுந்து போர்டருகே போனேன். என்ன கோளாறு என்று சினியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, போர்டுக்கு ஒரு கேடும் இல்ல. இந்தச் சட்டத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது. நம்ம விரலு அதை மறைக்கும்போதுதான் எங்க தொடுதோம்னு அதுக்குத் தெரியும்.” குரலைத் தாழ்த்தினாள். “தகடும் மறைக்குது. தாத்தா எந்நேரமும் விரலு வச்சிட்டு நிக்கது போலயாக்கும் அது. பிள்ளைக தொட்டா போர்டு யாரைக் கேட்கும்?”

இத்தனை நாள் இவள் பேச்சு வாங்கியது எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு பேர் முன்னால் அவள் ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.

திருப்புளி கொண்டுவரச் சொன்னேன். விஷயம் புரிந்ததும் முதலில் பதறியவன் ஜெயதாஸ்தான்.

“அண்ணே, பெரியப்பாக்க பேராக்கும். ஆளுக போனப்புறம் கழட்டலாம்.”

“எலே, அப்பா நின்னது போதும். பிள்ளைக தொடட்டு” என்றேன்.

திருகாணிகளை நானே கழற்றினேன். தகட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மூச்சு விடவில்லை.

ரெஜிலா மறுபடி வந்தாள். கடலில் கிடந்த அமரவிளையை விரலால் தொட்டாள். அது அவள் விரலோடு கரையேறி, பெரிய சாலையோரம் வந்து, தன் இடத்தில் நின்றது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு என்னிடமிருந்து சத்தமாகவே வெளியேறியது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அதன்பின் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில், தப்பான இடத்தில் வைத்தால் பெயர் சிவந்து திரும்பும்படி மாற்றிவிட்டு, பெற்றோரையும் கூப்பிட்டாள் சினி. ஜெயதாஸ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய்ப் பெருங்கடவிளையைக் கடற்கரையில் வைத்தான். அது சிவந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது. வகுப்பே கைகொட்டியது.

“போர்டுக்குக் கேடாக்கும்” என்றான்.

“இல்ல சின்ன மாமா, போர்டு இப்ப நல்லா இருக்கு” என்றாள் சினி. “இன்னொருக்கா நோக்குங்க.”

அவன் இரண்டாம் முறை விரலை நீட்டினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையிலிருந்த தகடு நெஞ்சில் குத்தியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.